ஜெக்கரியா வீட்டு இங்கிலீஷ்

பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டியில் ஜெக்கரியா வாயைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். லாரிக்காரரோடு மல்லுக்கட்டு, தோப்புக்காரரோடு பேரம், மற்ற எல்லாரோடும் கேலி. அப்படிப்பட்ட மனிதர் வீட்டுப் படி ஏறியதும் ஊமையாகிவிடுவார். காரணம், நாலு வயது மகள் நிலோஃபர்.

எல்.கே.ஜி.யில் சேர்த்த அன்றே மிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேச வேண்டும், ரெண்டும் கலந்தால் பிள்ளை குழம்பிவிடும். மனைவி ஃபஹ்மிதா காலேஜ் படித்தவள், சமாளித்தாள். ஜெக்கரியாவிடம் இருந்ததோ கம், ஈட், ஸ்லீப், வெரி குட். இதை வைத்துக்கொண்டு ஒரு மகளை எப்படிக் கொஞ்சுவது? முன்பெல்லாம் அவர் செருப்பைக் கழற்றுமுன் அன்றைய கதையைக் கொட்டித் தீர்ப்பவள், இப்போது "குட் ஈவினிங் அத்தா" என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் கைவிட்டுப் போகிறாளே என்று தவித்தார். ஆனாலும் மிஸ் சொன்னதற்கு மறுபேச்சு ஏது?

ஒரு சனிக்கிழமை ஃபஹ்மிதா நாகூருக்குக் கல்யாணத்துக்குப் போனாள். மகளை மண்டிக்குக் கூட்டிப்போனார் ஜெக்கரியா. மண்டி வீடு இல்லையே, மிஸ்ஸின் சட்டம் இங்கே செல்லாது என்று தீர்ப்பையும் அவரே சொல்லிக்கொண்டார். பொழுது முழுக்க இருவரும் ஓயாமல் பேசினார்கள். அவர் கைக்கு ரெண்டு காயாக லாரியில் வீசி, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ண, அவளும் கூடவே கத்தினாள்.

"ஏன் அத்தா ஒண்ணுன்னு சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"முதல் வீச்சை லாபம்னுதாம்மா சொல்லணும். அப்பதான் அல்லா பரக்கத்தைக் குடுப்பான், மேல மேல பெருகும்."

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தது. எண்ணச் சொன்னால் உங்கள் மகள் "லாபம், டூ, த்ரீ" என்கிறாள், உடனே வாருங்கள் என்றார்கள். பிள்ளையைக் கெடுத்துவிட்டோம் என்று பதறி, சட்டையில் ஒட்டிய தேங்காய் நாரோடு ஓடினார்.

"வாட் இஸ் லாபம், சார்?" என்று கேட்டார் மிஸ்.

ஜெக்கரியா தன் இங்கிலீஷ் முழுவதையும் மனதுக்குள் புரட்டினார். 'வெரி குட்' கூட உதவவில்லை. நிலோஃபர்தான் முந்திக்கொண்டாள். "மிஸ், ஃபர்ஸ்ட் கோகனட் நோ ஒன். ஒன்லி லாபம். தென் அல்லா கிவ்ஸ் மோர்." அத்தா காயை எப்படி வீசுவார், லாரியில் எப்படி ஏற்றுவார் என்று கையை ஆட்டி ஆட்டி, இங்கிலீஷ் தீர்ந்த இடத்தில் தமிழைப் போட்டுச் சொல்லி முடித்தாள்.

மிஸ் ஜெக்கரியா பக்கம் திரும்பினார். "சேர்ந்ததுலேர்ந்து இவ க்ளாஸ்ல எஸ், நோ தவிர வாயே திறந்ததில்ல சார். இவ்வளவு பேசி இன்னைக்குத்தான் பாக்குறேன். வீட்ல என்ன பண்ணீங்க?"

"வீட்ல ஒண்ணும் பண்ணலைங்க மிஸ். மண்டியிலதான் பேசுனோம்."

மிஸ் சிரித்துவிட்டார். "அப்ப வீட்லயும் பேசுங்க சார்."

அன்று மாலை செருப்பைக் கழற்ற விடாமல் வாசலிலேயே கதையை ஆரம்பித்துவிட்டாள் மகள். உள்ளேயிருந்து ஃபஹ்மிதா, "இங்கிலீஷ் என்னாச்சுங்க?" என்றாள்.

"அதை உன்கிட்ட பேசட்டும்" என்றார் ஜெக்கரியா. "என் புள்ள என்கிட்ட பேசுறது எனக்குப் புரியணும்ல."