மூணு சொன்ன ஒரே காரணம்

என் தங்கையிடம் டீ வேண்டுமா காபி வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "டீ. அதுக்கு மூணு காரணம் இருக்கு," என்று ஆரம்பித்துவிடுவாள். முதலாவது, இரண்டாவது என்று அவள் விரல் மடக்கி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும். ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்துதான் இந்த வியாதி. அடுத்தவர் கம்பெனிக்குள் போய், எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து, அதை ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டுக் காட்டிவிட்டு வருவது அவள் தொழில். ஸ்லைடில் மூன்று வரிதான் இருக்க வேண்டுமாம். நாலு இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள், இரண்டு இருந்தால் யோசிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்களாம். அதனால் எங்கள் வீட்டில் அவள் பெயரே 'மூணு' ஆகிவிட்டது.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என் காரில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டக் கற்றுக்கொள்பவர் என்ன செய்தாலும் என் கால் அதன் மேலேயே இருக்கும். வெளியே எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். வீட்டில் விசாரித்தால் வேறு மாதிரி சொல்வார்கள். அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். யார் எதைச் சொன்னாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே "விஷயத்துக்கு வா" என்பாள். இப்படிப்பட்ட வீட்டில்தான் மூணு வளர்ந்தாள்.

அவள் கம்பெனியில் ஒரு விதி. சில வருடம் வேலை பார்த்தபின் பெரிய நிர்வாகவியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்து படித்துவிட்டு வந்தால் மேலே ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். போன வருடம் ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். ஐந்தும் கைவிரித்துவிட்டன. நேர்காணலுக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்து எங்களை உட்கார வைத்துச் சொன்னாள். "இன்னொரு தடவை போடுறேன். இதுதான் கடைசி. இதுலயும் கிடைக்கலைன்னா இந்தப் படிப்பு ஆசையையே விட்டுடுறேன்."

அவள் மூன்று காரணம் சொல்லாமல் பேசியதிலேயே விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

விண்ணப்பத்தை ஏன் தள்ளினார்கள் என்று கேட்டால் சொல்லும் கல்லூரி அந்த ஐந்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒரு அம்மாள் போனில் பேசினார். "உங்க விண்ணப்பத்தைப் படிச்சு உங்க கம்பெனியைப் பத்தி நல்லா தெரிஞ்சுக்கிட்டோம். உங்களைப் பத்தித்தான் ஒண்ணும் தெரியலை. உங்க மாதிரி ஆலோசகர்கள் நூத்துக்கணக்குல எழுதுறாங்க. எல்லாமே ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கு," என்றாராம்.

அன்று சாயங்காலமே பழைய விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினோம். கட்டுரையில் ஒரு மருத்துவமனை, ஒரு வங்கி, ஒரு பேக்கரி. மூன்றிலும் செலவு குறைந்தது, வேகம் கூடியது, வாடிக்கையாளர் மகிழ்ந்தார். அரைத்த மாவையே மூன்று தடவை அரைத்திருந்தாள். கூடவே அவளுடைய பாஸ் எழுதிய பரிந்துரைக் கடிதம். அதிலும் செலவு, வேகம், மகிழ்ச்சி.

"இந்த லெட்டரை அவர் நேரா காலேஜுக்குத்தானே அனுப்பணும்? உன்கிட்ட எப்படி வந்துச்சு?" என்றேன்.

மூணு மேஜைத் துணியை நிமிண்டிக்கொண்டே, "நான்தான் எழுதினேன்," என்றாள்.

"என்னது?"

"நீயே எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போட்டுடுறேன்னார். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அப்படித்தான் அண்ணா."

கடிதத்தில் கல்லூரியே கேட்டிருந்த ஒரு கேள்வி இருந்தது. இவருக்கு நீங்கள் சொன்ன மிகக் கடுமையான விமர்சனம் எது, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? பதிலை நான் சத்தமாகப் படித்தேன். 'இவர் அளவுக்கு மீறி உழைக்கிறார். சற்று ஓய்வெடுக்குமாறு சொன்னேன். புன்னகையுடன் ஏற்றுக்கொண்டார்.' எனக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. "இது விமர்சனமா, கல்யாண விளம்பரமா?" என்றாள் அம்மா. மூணுவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது.

அம்மா விஷயத்துக்கு வந்தாள். "உன்னை நிஜமாவே திட்டினவங்க யாராவது இருக்காங்களா?"

மூணு முகத்தில் ஈயாடவில்லை. "இருக்காரு. பேக்கரி மேனேஜர்."

அந்தக் கதை எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். இரண்டு வருடம் முன்னால், ஊருக்கே பிரட் போடும் ஒரு பெரிய பேக்கரியில் வேன்கள் தாமதமாகக் கிளம்புகின்றன என்று இவள் கம்பெனியைக் கூப்பிட்டிருந்தார்கள். தூரத்துக் கடைகளுக்குப் போகும் வேன்களை முதலில் நிரப்பி அனுப்பலாம் என்று மூணு ஒரு திட்டம் போட்டாள். எல்லோரும், அந்த மேனேஜர் உட்பட, தலையாட்டினார்கள். ஆனால் தூரத்துக் கடைகள் கேட்கும் பிரட் அடுப்பிலிருந்து கடைசியாக வருவது. சூடு ஆறாமல் பெட்டியில் அடுக்கினால் வேர்த்துப் பிசுபிசுத்துப் போகும். அது ஆறும்வரை அத்தனை வேனும் வாசலில் வரிசையாக நின்றது. முதல் நாள் காலையில் பாதிக் கடைகளுக்குப் பிரட்டே போய்ச் சேரவில்லை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் இவளைக் கண்டபடி ஏசினாராம். இவ்வளவுதான் அவள் சொல்லியிருந்தாள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் நான்தான் தினமும் இருட்டு பிரியுமுன் அவளை அந்த பேக்கரி வாசலில் இறக்கிவிட்டேன். அடுப்பு வரிசையை மாற்றி எல்லாவற்றையும் சரிசெய்தாள் என்பது தெரியும். "உன் கம்பெனி உன்னைச் சக்கையாப் பிழியுது," என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டுவேன். அவள் பதிலே பேச மாட்டாள்.

"அவர்கிட்டயே லெட்டர் கேளு," என்றாள் அம்மா.

"அம்மா, அவர் எழுதினா என் கதை முடிஞ்சுது."

"இப்ப மட்டும் என்ன வாழுது?"

மறுநாள் மூணு ஆபீசில், "சார், இந்தத் தடவை நான் எழுத மாட்டேன். நீங்களே எழுதணும்," என்று பாஸிடம் சொல்லிவிட்டாள். அவரிடம் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவரும் சரி என்றாராம். இதை எனக்குப் போனில் சொல்லும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு அப்போதே கொண்டாட வேண்டும்போல் இருந்தது.

கல்லூரிகள் கேட்ட இரண்டாவது கடிதத்துக்காக அவளை பேக்கரிக்கு நானே கூட்டிப்போனேன். என் காரின் தலையில் ஸ்கூல் பெயர்ப் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு 'L'. இந்த அலங்காரத்தோடு போய் வாசலில் இறங்கினோம். மேனேஜர் உருண்டையான உடம்போடு, முழங்கைவரை மாவோடு வந்தார். இவளைப் பார்த்ததும் காரைப் பார்த்தார். "என்னம்மா, வேலையை விட்டுட்டு வண்டி ஓட்டக் கத்துக்கிறியா?"

மூணு விஷயத்தைச் சொன்னாள். அதாவது, "சார், உங்ககிட்ட வந்ததுக்கு மூணு காரணம்," என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணு போதும். லெட்டர் வேணும், அவ்வளவுதானே?"

"ஆமா சார்."

"எழுதுறேன். ஆனா உன்கிட்ட காட்ட மாட்டேன். நல்லா எழுதுன்னும் சொல்லக் கூடாது. சம்மதமா?"

நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்று. கண்ணைக் கட்டிவிட்டு ஓட்டச் சொன்னால் நான் யாரையும் ஓட்ட விடமாட்டேன். அவளோ என்னைத் திரும்பியே பார்க்காமல், "சம்மதம் சார்," என்றாள். காரில் ஏறியதும் நான் கத்திய கத்தலில் பிரட் பெட்டி தூக்கிப் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கட்டுரையைப் புதிதாக எழுதினாள். மருத்துவமனை போச்சு, வங்கி போச்சு. அடுப்பும் வேனும் தன் திட்டம் சொதப்பிய அந்தக் காலைப்பொழுதும் மட்டும். "தோத்ததைப் போய் எழுதுறியே," என்றேன். "இதுலதான் அண்ணா நான் இருக்கேன்," என்றாள். இந்தத் தடவை, போன வருடம் தள்ளிய காரணத்தைச் சொன்ன அந்தக் கல்லூரிக்கும் இன்னும் இரண்டுக்கும் அனுப்பினாள். அந்த இரண்டும் சீக்கிரமே இல்லை என்றன. காரணம் சொன்ன கல்லூரி மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டது.

மின்னஞ்சல் வந்தபோது எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அம்மா அதை நான்கு தடவை படிக்கச் சொன்னாள், விஷயம் முதல் வரியிலேயே இருந்தும். நான் தெரு முனைவரை போய்ச் சும்மாவே திரும்பி வந்தேன்.

நேர்காணல் வீட்டிலேயே, கணினியில். அம்மா குக்கரைத் தொடவில்லை, காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்துவிட்டாள். நானும் அவளும் கதவுக்கு வெளியே திருடர்கள் மாதிரி நின்றோம். மூணு காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் அவள் குரல் மட்டும் கேட்டது. முதலில் நன்றாகப் போயிற்று. தெளிவாகப் பேசினாள், ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தாள். நான் அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினேன்.

அப்புறம் உள்ளே பேச்சே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் கைப்பிடியில் கை வைத்தேன். அப்போது அவள் குரல் கேட்டது, மிகவும் தாழ்வாக.

"வெட்கமா இருந்துச்சு மேடம். வீட்டுல உட்கார முடியலை. வேற காரணம் எதுவும் இல்ல."

பிறகு நன்றி, வணக்கம், முடிந்தது.

அவள் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன கேட்டாங்க? வாழ்க்கை பூரா மூணு மூணா சொல்லி எங்க உயிரை வாங்கினியே, கேட்கிற இடத்துல ஒண்ணோட நிறுத்திட்டியே?"

மூணு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மேனேஜர் லெட்டரைப் படிச்சுக் காட்டினாங்க அண்ணா. அந்தக் கடுமையான விமர்சனம் கேள்வி இருக்குல்ல, அதுக்கு அவர் எழுதினது."

"என்ன எழுதியிருக்காரு மனுஷன்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "'வெளியே போ, இனிமேல் இந்த வாசல்ல உன்னைப் பார்க்கக் கூடாதுன்னு சொன்னேன். அன்னிக்கோட அவங்க கம்பெனி வேலையும் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. மறுநாள் அடுப்பு மூட்டுறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு தனியா வாசல்ல நின்னுட்டு இருந்துச்சு.' அவ்வளவுதான் எழுதியிருக்காரு. ஏன் திரும்பப் போனீங்கன்னு கேட்டாங்க."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. "வேலை முடிஞ்சு போச்சா? அப்ப அந்த ரெண்டு வாரம்?"

"மறுநாளே என்னை வங்கி வேலைக்கு மாத்திட்டாங்க. அங்க ஒன்பது மணிக்குப் போனா போதும். அதுக்கு முன்னாடி பேக்கரிக்குப் போனேன்."

"கம்பெனி அனுப்பலையா?"

"அவங்களுக்கே தெரியாது."

அந்த இரண்டு வாரமும் பக்கத்து சீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவளை நினைத்தேன். அம்மா குனிந்து அவள் தலையில் கை வைத்து, "காபியா டீயா?" என்றாள். "காபி," என்றாள் மூணு. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. நேர்காணலைக் கெடுத்துக்கொண்டாள் என்று நான் உள்ளுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அதனால் எல்லோரிடமும் கிடைத்துவிடும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாளுக்கு ரவுண்டானாவைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் போன் எடுப்பதில்லை. ஆனால் திரையில் 'மூணு' என்று வந்தது. என்னை அறியாமல் என் பிரேக்கை மிதித்துவிட்டேன். கார் ஓரமாகக் குலுங்கி நின்றது.

"அண்ணா."

"சொல்லு."

"கிடைச்சிருச்சு."

முதலாவது, இரண்டாவது என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. அவள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது, பின்னால் அம்மா யாரிடமோ போனில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் கேட்டது. நானும் அழுதேன். தெருவோரத்தில், 'L' போர்டு காரில், நன்றாகவே அழுதேன்.

மருந்துக்கடை அம்மாள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, "சார், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார்.

"நீங்க ஒண்ணுமே பண்ணலைம்மா. பிரமாதமா ஓட்டினீங்க. இப்ப இடது பக்கம் திருப்புங்க, ஒரு பேக்கரிக்குப் போகணும்."

மேனேஜர் வாசலில் வேனுக்குப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முகத்தைத் துடைக்கிற சாக்கில் நெற்றியெல்லாம் மாவாக்கிக்கொண்டார். "எப்ப கிளம்புறா?" என்றார். சொன்னேன். "அதுக்கு முன்னாடி ஒரு நாள் வரச் சொல்லுங்க. புதுசா ஒரு அடுப்பு போட்டிருக்கோம், மறுபடி வேன் வரிசை இடிக்குது."

மறுநாளே, இருட்டு பிரியுமுன், அவளை அதே வாசலில் இறக்கிவிட்டேன். வழியெல்லாம் நான் யாரையும் திட்டவில்லை. அவள் உள்ளே போய் ஏப்ரன் கட்டிக்கொள்ளும்வரை காரை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.