மார்ச் ஒன்றாம் தேதிக்கு ஒரு டாஃபடில்

"இது தூங்குதா, செத்துப்போச்சா?" என்று இத்வல் கேட்டார். எங்கள் கடை வாசலில் நின்று ஒரு பூக்கிழங்கைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தூங்குது மாமா."

"எப்ப எந்திரிக்கும்?"

"அட்டையில எழுதியிருக்கு பாருங்க."

"அட்டையை நம்பித்தான் நாசமாப் போனேன். போன வருஷம் வாங்கினதுக்குப் பேரு பிப்ரவரி கோல்டு. பூத்தது மார்ச் கடைசியில. என் பஸ் இவ்வளவு லேட்டா வந்தா என்னைச் சும்மா விடுவாங்களா?"

"பேருதான் மாமா அப்படி. நம்ம மலைக்குளிர் அதுக்குத் தெரியாதில்ல?"

"அதுக்கு முந்தின வருஷம் நீ குடுத்தது ஜனவரியிலயே பூத்துத் தொலைச்சுது."

"சீக்கிரம் பூக்கறதா வேணும்னு கேட்டீங்க."

"சீக்கிரம்னுதானே கேட்டேன். அவசரப்படுன்னா கேட்டேன்?"

"எடுத்த பெட்டியிலயே திருப்பிப் போடுங்க மாமா" என்றேன்.

"எல்லாம் வெங்காயம் மாதிரிதான் இருக்கு. எந்தப் பெட்டியில கிடக்கோம்னு அதுக்குத் தெரியவா போகுது?" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்ததைப் பக்கத்துப் பெட்டியில் போட்டார்.

செப்டம்பரில் எங்கள் விவசாயக் கடை வாசலில் பூக்கிழங்குப் பெட்டிகளை வரிசையாக வைப்போம். வெல்ஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் அட்டை எழுதிச் செருகுவது என் வேலை. மற்றவர்கள் அட்டையைப் படித்துவிட்டுக் கிழங்கை அள்ளுவார்கள். இத்வல் மாமா முதலில் கிழங்கை விசாரிப்பார். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார். மெத்தென்று இருந்தால் "ம்ஹும்" என்று வைத்துவிடுவார். முகர்ந்து பார்ப்பார். இரண்டு மூக்கு, அதாவது இரண்டு முளைநுனி, வைத்த கிழங்கு கிடைத்தால், ஒன்று தூங்கிப்போனாலும் இன்னொன்று விழித்திருக்கும் என்று மகிழ்ந்துபோவார். அவர் போன பிறகு பெட்டிகளைப் பிரித்து அடுக்க எனக்கு மத்தியானம் ஆகிவிடும்.

மலைப்பண்ணைகளிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் பஸ்ஸை அவர்தான் ஓட்டினார். தங்கமான மனிதர். மார்ச் ஒன்றாம் தேதி மட்டும்தான் அவருக்கு ஆகாது. அன்றைக்கு வெல்ஷ்காரர்களின் காவல் புனிதரான தேவி என்ற பழங்காலத் துறவியின் திருநாள். ஊரில் எல்லாரும் சட்டையில் எங்கள் நாட்டு அடையாளமான மஞ்சள் டாஃபடில் பூவையோ, வெங்காயத் தாள் மாதிரியான லீக் தண்டையோ குத்திக்கொண்டு வருவார்கள். எங்கள் மலையில் அப்போது டாஃபடில் பச்சை மொட்டாகத்தான் இருக்கும். எல்லாரும் கடையில் கொத்தாக வாங்குவார்கள். அது ஆங்கிலேயர் பக்கமான கார்ன்வாலிலிருந்து லாரியில் வருவது. எல்லை தாண்டி வந்த பூவைக் குத்திக்கொண்டு நம் புனிதர் முன்னால் எப்படி நிற்பது என்பது இத்வல் மாமாவின் கட்சி. அதனால் அநேகமாக ஒவ்வொரு வருஷமும் தன் தோட்டத்துப் பச்சை மொட்டை, பூக்காமலே, குத்திக்கொண்டு வருவார்.

அதைப் பார்ப்பதற்கென்றே கடற்கரையிலிருந்து டெக்வின் வருவார். இத்வல் மாமாவின் மனைவி மெய்னிருக்கு அண்ணன். கடலோரம் வெதுவெதுப்பு. அவர் வீட்டு டாஃபடில் பிப்ரவரியிலேயே தட்டுத்தட்டாக விரிந்துவிடும். அதில் இருப்பதிலேயே பெரியதைக் குத்திக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, தேவாலயக் கூடத்து விருந்துக்கு வந்து உட்காருவார்.

"என்ன மச்சான், வெங்காயத் தாளா? லீக் குத்தினவங்க எல்லாம் அந்தப் பக்கம்."

கூடமே சிரிக்கும். இத்வல் மாமா சூப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜனவரியில் பூத்த வருஷம், ஒரு பூவைக் குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். திருநாளன்று, துவண்டு சுருங்கிப்போன அதைக் குத்திக்கொண்டு வந்தபோது, "யாரோட சாக்ஸ் மச்சான் அது?" என்று டெக்வின் கேட்டார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் மண்ணில் விரிந்த பூவோடு அந்த மனிதர் எதிரில் உட்கார வேண்டும். இத்வல் மாமாவுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அந்த செப்டம்பரில் அவர் எல்லாப் பெட்டியிலும் கைவைத்து ஒரு பை நிறைய வாங்கிப்போனார். அக்டோபரில் அவற்றைத் தரையில் நடவில்லை. தோட்டத்து மண்ணை ஒரு வாளியில் நிரப்பி, அதில் நட்டார்.

"தரையில நட்டா அது இஷ்டத்துக்குப் பூக்கும். வாளியில நட்டா என் இஷ்டத்துக்குப் பூக்கும்" என்று எனக்கு விளக்கினார்.

குளிர்காலம் முழுக்க வாளிக்கு ஓய்வில்லை. முளை வேகமாக வந்தால் கொட்டகைக்குப் பின்னால் நிழலுக்குப் போகும். தயங்கினால் சமையலறை அடுப்போரம் வரும். "என்னை ஒரு நாள் இப்படி அடுப்போரம் உட்காரச் சொல்லியிருப்பாரா இந்த மனுஷன்?" என்று மெய்னிர் அத்தை கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். பிப்ரவரியில் பனி கொட்டியதும் வாளி பஸ்ஸில் ஏறியது. முன்சீட்டில், சூடான காற்று வரும் இடத்தில், சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் ஏறும்போது அதற்கும் காலை வணக்கம் சொன்னார்கள்.

மாதக் கடைசியில் வாளி முழுக்கப் பச்சை. ஒரே ஒரு தண்டில் மட்டும் மொட்டு வீங்கியிருந்தது. மார்ச் ஒன்றாம் தேதி காலை அது விரிந்தது.

விரிந்தது வெள்ளையாக. ஒற்றைப் பூவாகவும் இல்லை, சின்னச்சின்னதாக ஒரு கொத்து. அப்புறம் தாங்க முடியாத ஒரு வாடை. பஸ்ஸில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்களாம். பனிக்குளிரில் எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு ஒரு பள்ளி பஸ் கடைக்கு முன்னால் போனதை நானே பார்த்தேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது. வீட்டுக்குள் ஜாடியில் வளர்ப்பதற்கென்று ஒரு வெள்ளை வகை உண்டு. அதன் பெட்டி கதவோரம் இருந்தது. அதிலிருந்த கிழங்கை அவரே எடுத்து, முகர்ந்து, மஞ்சள் டாஃபடில் பெட்டியில் போட்டு, பிறகு அங்கிருந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்.

சாயங்காலம் கூடத்தில் ஆட்டுக்கறிச் சூப் ஆவி பறந்தது. இத்வல் மாமா கோட்டில் வெள்ளைக் கொத்தோடு வந்து, நேராக டெக்வினுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி இரண்டு நாற்காலி மெல்ல நகர்ந்தது.

டெக்வின் கொஞ்ச நேரம் முகர்ந்தார். "மச்சான், செம்மறியாடு ஏதாவது கூட வந்திருக்கா?"

"டாஃபடில்" என்றார் இத்வல் மாமா.

"வெள்ளையாவா?"

"எங்க மலையில பனி அதிகம்."

"இது டாஃபடில்னா நான் பிஷப்பு. அந்தக் கிழங்கு விக்கிற பொண்ணைக் கூப்பிடு. ஹெலெத், நீ சொல்லும்மா. இது டாஃபடிலா?"

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. கூடம் என்னைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. இத்வல் மாமா என்னைப் பார்க்கவில்லை. கரண்டியால் சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"டாஃபடில்தான்" என்றேன். "அதே குடும்பம். இன்னிக்குக் காலையில இங்க விரிஞ்சது."

பொய் ஒன்றும் இல்லை. டெக்வின் ரொட்டியைப் பிய்த்தார். யாரோ பாராட்டி மேஜையைத் தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். மெய்னிர் அத்தை கணவரின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினார், தூரத்திலிருந்து கையை நீட்டி.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் பக்கமாகப் போனபோது, இத்வல் மாமா என் கையைத் தொட்டு நிறுத்தினார். முகம் பூரித்திருந்தது. கண்ணில் தண்ணீர். வாடையாலா, வேறெதாலா என்று சொல்ல முடியவில்லை.

"கண்ணு, இந்த நாத்தத்துல எனக்குச் சூப்பு இறங்கல. ஆனா இதைக் கழட்டி வச்சா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்" என்றார் மெதுவாக. "கொஞ்ச நேரம் நீ குத்திக்கிட்டு, போய் டெக்வின் பக்கத்துல உட்காரேன்."