துரையின் வகிடு

எங்கள் எதிர் வீட்டுக்காரர் பால்கனியில் வாஷிங் மெஷின் மேல் துண்டை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் நாயை நிறுத்தி, மூக்கிலிருந்து வால் வரை வகிடு எடுத்துக்கொண்டிருக்கிறார். இடுப்பருகே கோடு கொஞ்சம் கோணிவிட்டது. கலைத்துவிட்டு மறுபடியும் மூக்கிலிருந்து ஆரம்பிக்கிறார். இந்தப் பணி முடியும்வரை அந்த வீட்டில் யாரும் துணி துவைக்க முடியாது.

தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். குடியிருப்பில் எல்லோருக்கும் இன்னமும் சூப்பர்வைசர்தான். அந்த நாட்களில் அவர் கையால் ஏதாவது செய்து பார்த்ததாகச் சொல்ல ஆள் இல்லை. பின்னால் கை கட்டியே காலத்தை ஓட்டியவர். இப்போது இரண்டு கையும் போதவில்லை.

நாய் டெரியர் ஜாதி. பூனையளவு உடம்பு, தரையைப் பெருக்கும் அளவுக்கு முடி. வாங்கியது மகள். "ரெண்டே வாரம்பா" என்று விட்டுவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். அந்த இரண்டு வாரம் இரண்டாவது வருஷமாக நடக்கிறது. அவள் வைத்த பெயர் இவர் வாயில் நுழையவில்லை. துரை என்கிறார். துரையும் அதற்கேற்ப நடந்துகொள்கிறது.

லிப்டில் மாட்டுகிறவர்களுக்கெல்லாம் பாடம் உண்டு. "காய்ஞ்ச முடியில சீப்பு வைக்கவே கூடாது சார். லேசா தண்ணி தெளிக்கணும். சிக்கை வேர்ப்பக்கம் பிடிச்சுக்கிட்டு நுனியிலேருந்து பிரிக்கணும். முக்கியமா, சிக்கு எடுக்காம குளிப்பாட்டினா தீர்ந்துது கதை. முடி கம்பளி ஆயிடும்." கேட்டவர்கள் வீட்டில் நாய் இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல.

அவர் மனைவி தெருவுக்கே கேட்கும்படி பேசுவார். "தலையில முடி இருந்தப்போ சீப்பு எங்கேன்னு என்னைத்தான் கேப்பாரு. பெத்த பொண்ணுக்கு ஒருநாள் ஜடை பின்னி விட்டிருப்பாரா? இப்ப பாருங்க, குடுமி போடறாரு!"  அவர் வாயில் துரையின் ரப்பர் பேண்ட் இருக்கும்.

போன மழைக்காலத்தில் மகள் போன் செய்தாள். புது வீடு பார்த்தாயிற்று, அங்கே நாய் வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை வந்து கூட்டிப் போகிறாளாம். "ரொம்ப நல்லதும்மா" என்றார் சூப்பர்வைசர். போனை வைத்த பிறகும் அதையே இன்னொரு தரம் சொன்னாராம். "கூட்டிட்டுப் போயிட்டா இந்த மனுஷன் காலையில எழுந்து எதைப் பண்ணுவாரு?" என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார், வழக்கத்துக்கு மாறாக மெதுவாக.

அந்த வாரம் முழுவதும் சீப்பு வெளியே வரவில்லை. மாலையில் துரை காலி மனையில் புதர் புதராக நுழைந்து புரண்டது. சூப்பர்வைசர் பின்னால் கை கட்டி மேற்பார்வையிட்டார். வெள்ளிக்கிழமை பக்கெட்டில் இறக்கிக் குளிப்பாட்டி, துண்டால் பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்தார். அவர் சொல்லிவந்தது சரிதான். முடி கம்பளி ஆகிவிட்டது. பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். ஒவ்வொரு சிக்குக் கட்டும் வெட்டுப்பட்டு விழும்போதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஐயோ! என்னப்பா இது, எலி மாதிரி?"

"சிக்கு எடுக்காம குளிப்பாட்டிட்டேம்மா. மறந்துட்டேன்."

"நீயாப்பா மறந்தே?"

"வயசாச்சில்ல?"

அவர் மனைவி எதையோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு மகளுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். மகள் துரையைத் தூக்கி வைத்து ஒரு போட்டோ எடுத்துப் பார்த்தாள். உடனே அழித்தாள். "இதை எப்படி எங்க ஆளுங்ககிட்ட காட்டறது? சரி, முடி வளரட்டும். வளர்ந்ததும் சொல்லு, வந்து கூட்டிட்டுப் போறேன்." இப்படியாக முதுமையின் மறதி அவருக்கு முதல் லாபத்தை ஈட்டித் தந்தது. அதற்கு முன்போ பின்போ அவர் எதையும் மறந்ததாகத் தெரியவில்லை.

இன்று காலை வகிடு வால்வரை நேராக வந்து சேர்ந்த சமயத்தில் வீடியோவில் மகள் வந்தாள். முடி இருபுறமும் வழிந்து மெஷினின் கதவைத் தொட்டுக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் போனைச் சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து வைத்தார். மகளுக்கு அவருடைய வழுக்கையும் கூரையும் தெரிந்திருக்கும்.

"வளர்ந்துச்சாப்பா?"

"எங்கேம்மா... ஆமை மாதிரி வளருது."

"எங்கே, காட்டு."

அவர் துரையைத் துண்டால் கழுத்துவரை சுற்றினார், குளிருகிற குழந்தையைச் சுற்றுவதுபோல. குடுமியை அவிழ்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூக்கு மட்டும் தெரிய போனுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். துண்டுக்குக் கீழே ஒரு நீளக் கற்றை நழுவித் தொங்கியது. துவைக்கத் துணியோடு வந்த அவர் மனைவி, கூடையை இறக்கி வைத்துவிட்டு, போன் கேமராவில் படாமல் குனிந்து வந்து, அந்தக் கற்றையைத் துண்டுக்குள் செருகினார்.