செத்த சிப்பும் மூன்றாவது அட்டெம்ப்ட்டும்

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு ஏறுவதும் இறங்குவதும்தான் பிழைப்பு. ஆனால் மாலை நேர டிப்ளமாவின் டிஜிட்டல் லாஜிக் பிராக்டிகல் என்னை இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தது. அதில் பாஸானால்தான் கம்பெனியில் டெக்னீஷியன். இல்லையென்றால் ஆயுசுக்கும் ஹெல்பர். அரியர் வைத்து நொந்த சொந்தங்களே, உங்களுக்குத்தான் இது.

கை வைத்தால் எரியும்

முதல் முறை, சிப்பின் ஒரு இன்புட் காலை எதோடும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டுவிட்டேன். விரல் பக்கத்தில் போனால் விளக்கு எரிந்தது, எடுத்தால் அணைந்தது. நான் விரலை எடுக்காமலே நின்றேன். எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "மார்க்கு உங்க சர்க்யூட்டுக்கா, உங்க விரலுக்கா?"

பெட்டிக்கே திரும்பியது

இரண்டாம் முறை, பதற்றத்தில் சிப்பைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். கருகிய வாசனை. பரீட்சை அதோடு முடிந்தது. எல்லா லேப்பிலும் உள்ள வழக்கப்படி அதை நைசாக நல்ல சிப்புகளோடு பெட்டியிலேயே போட்டேன். நீங்களும் போட்டிருப்பீர்கள், மறுக்காதீர்கள். லேப் அசிஸ்டென்ட் மஞ்சுளா மேடம் பார்த்துவிட்டார். "ஹோக்லி பிடி, போகட்டும் விடுங்க, அது ஒரு நாள் உங்க கைக்கே வரும்."

விவேக் நகர் கால்மிதி

மூன்றாம் முறைக்கு முந்தின வாரம் விவேக் நகரில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது. நான் கன்ட்ரோல் போர்டைக் கழற்றி ஒரு மணி நேரம் குடைந்தேன். கூட வந்த பாஷா பாய் மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவையும் அழுத்திப் பார்த்தார். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக் கால்மிதி சிக்கி, கதவு முழுசாக மூடவில்லை. எல்லாக் கதவும் மூடினால்தான் லிஃப்ட் நகரும். எல்லா இன்புட்டும் வந்தால்தான் அவுட்புட் தரும் என்று நான் விழுந்து விழுந்து படித்த அதே ஆண்ட் கேட்! எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த வீட்டம்மா சொன்னார்: "பிரிச்சுப் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா பாத்திருக்கலாமில்ல தம்பி?"

மூன்று போதும்

மூன்றாம் முறை. நாண்ட் கேட்களை மட்டும் வைத்து ஒரு ஆர் கேட் கட்ட வேண்டும். மஞ்சுளா மேடம் பெட்டியை நீட்ட, ஒரு சிப்பை எடுத்தேன். உள்ளே நான்கு நாண்ட் கேட்கள். இந்த முறை வயரைத் தொடுவதற்கு முன் நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒன்று செத்திருந்தது. ஓரத்தில் கருகல். என் பழைய சிப்பேதான்!

ஆர் கேட்டுக்கு மூன்று போதும். உயிரோடிருந்த மூன்றையும் இணைத்தேன். எந்தக் காலையும் அந்தரத்தில் விடவில்லை. ஸ்விட்சைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். விளக்கு நின்று எரிந்தது. அதே எக்ஸாமினர்தான். "கைய முன்னாடி கொண்டாங்க, குலுக்கணும்."

இப்போது நான் டெக்னீஷியன். அந்தச் சிப்பை மட்டும் பெட்டியில் போடாமல் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன், அடுத்து எடுக்கிறவருக்கும் மூன்றே போதுமென்று என்ன நிச்சயம்?