பெரிய கை விற்கும்போது

நான் ஷேர் மார்க்கெட் பார்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் மலை ஊரான தலைச்சோலையில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். காப்பித் தோட்டத்தில் கிடக்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. கேட்டால் சும்மா இருப்பேனா? "உங்க ஊட்டுக்காரரு சீட்டாடப் போறப்ப இதக் கேட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரருக்கு அதற்கும் சேர்த்துப் பொறுமை.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் ஒரு லீவுக்கு வந்தபோது கணக்குத் திறந்து என் போனில் போட்டுக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. காப்பி காயப்போடும் களத்தின் மேற்கு மூலையில்தான் வரும். எனக்கு அது வசதியாகப் போயிற்று. கொட்டையைத் துழாவி விடுவேன், மூலைக்குப் போய் போனைப் பார்ப்பேன், திரும்பவும் துழாவுவேன்.

கம்பெனி என்ன செய்கிறது, லாபம் எவ்வளவு என்பதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. என்னைப் பிடித்து இழுத்தது அந்தப் பெரிய கைகள்தான். நிறையப் பணம் வைத்திருப்பவன் ஒரு ஷேரை மொத்தமாகக் கேட்டால் விலை எகிறிவிடும். அதனால் துளித்துளியாக வாங்குவான். திரையில் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், விற்கிறவர்கள் ஒரு பக்கம் வரிசையாகத் தெரிவார்கள். ஒரு வரி காணாமல் போகும், அடுத்த நிமிஷம் அதே அளவில் அதே விலைக்கு மறுபடியும் முளைக்கும். போய்ப் போய் வந்தால் பின்னால் ஒரு பெரிய ஆள் நிற்கிறான் என்று அர்த்தம். இது எனக்குப் புதிதும் இல்லை. கீழேயிருந்து மிளகு வாங்க வரும் வியாபாரி என்றைக்காவது நேராக மிளகை விலை கேட்டிருக்கிறானா? பலாப்பழம் என்ன விலை, ஆரஞ்சு உண்டா என்று ஊரையே சுற்றிவிட்டுத்தான் மிளகுக்கு வருவான்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

"என்ன புள்ள, இன்னிக்கு உங்க பெரிய கை என்ன பண்றாரு? சாப்பிட்டாராமா?"

"சாப்பிட்டாருங்க. உங்களத்தான் விசாரிச்சாரு."

அந்த வருஷம் காப்பிப் பழம் எடுத்து முடிகிற சமயத்தில் இவர் ஒவ்வொரு வேலையாக என்னிடம் விட ஆரம்பித்தார். முதலில் பழம் அரைக்கும் மெஷின். "நீ போட்டாத்தான் அந்த மோட்டாரு ஒழுங்கா ஓடுது" என்றார். மிளகு பறிக்கும் நேரம் வந்ததும், "ஏணி ஏறற ஆளுங்கள நீயே பாத்துக்க. உனக்குத்தான் கண்ணு நொம்ப கூர்மை" என்றார். பிறகு ஒண்டிக்கடை பஜாருக்குப் போய் உரம், சாமான் வாங்கி வருவதும் என் கைக்கு வந்தது. கல்யாணமானதிலிருந்து இந்த மனுஷன் தோட்டத்து வேலையில் என்னை ஒரு வார்த்தை பேச விட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டில் போய், இப்போது தோட்டமே என் பொறுப்பு என்று பீற்றிக்கொண்டும் வந்தேன்.

மிளகு முடிந்த கையோடு ஒரு ஷேரைக் கவனித்தேன். தினமும் ஏராளமாகக் கைமாறியது. விலையோ இருந்த இடத்திலேயே இருந்தது. யாரோ சத்தமில்லாமல் சேர்க்கிறான் என்று முடிவு கட்டி, மகளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, நானும் கொஞ்சம் வாங்கினேன். ஒரு காலையில் அது மளமளவென்று சரிந்தது. போன பணம் பெரிதில்லை. ஆனால் போனைப் பார்த்து நான் திட்டிய திட்டில் களத்தில் மேய்ந்த கோழிகள் ஓடிவிட்டன.

கோபம் அடங்கியதும் உட்கார்ந்து பழைய நாட்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. பெரிய ஆள் வாங்குகிறான் என்றால், விலை இறங்கும்போதெல்லாம் யாரோ தாங்கிப் பிடிப்பது தெரியும். இங்கே நடந்தது வேறு. விலை கொஞ்சம் தலைதூக்கும்போதெல்லாம் யாரோ அமுக்கியிருக்கிறான். வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டிருக்கிறான். முடியாமல் வெளியேறுகிறவன் அதைச் சொல்லிக்கொண்டா வெளியேறுவான்? அவனுக்கு வேண்டியதெல்லாம் சந்தோஷமாகக் கை நீட்டி வாங்கிக்கொள்ளும் ஓர் ஆள். அந்த ஆள் நான்தான்.

இதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே இவர் குடோன் சாவியோடு வந்தார்.

"இதையும் நீயே வெச்சுக்க புள்ள. நீதான பொறுப்பா இருக்கற."

சிரித்துக்கொண்டே கை நீட்டினேன். சாவி கையில் விழுந்ததும் ஒவ்வொன்றாக எண்ணினேன். மெஷின், ஏணி, ஒண்டிக்கடை, இப்போது சாவி. எல்லாம் துளித்துளியாக. ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் தண்ணீர்க் குழாயைப் பார்க்கக் கீழ்த்தோட்டத்துக்கு இறங்கினார். நான் களத்து ஓரத்தில் நின்று, அவர் திரும்பி ஏறி வருவதைப் பார்த்தேன்.

நாலு எட்டு ஏறினார். ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்று அதில் படர்ந்த மிளகுக்கொடியை அண்ணாந்து பார்த்தார். மறுபடி ஏறினார். அடுத்த மரத்தடியிலும் நின்று கொடியைப் பார்த்தார். அதற்கடுத்த மரத்திலும் அப்படியே. யார் பார்த்தாலும் விவசாயி கொடியைப் பார்க்கிறார் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அந்தக் கொடிகளில் ஒரு மணி மிளகு கிடையாது. ஆள் வைத்துப் பறித்து முடித்தவளே நான்தான். இல்லாத மிளகை இந்த மனுஷன் இத்தனை நேரம் எதற்குப் பார்க்கிறார்?

எப்போதும் போலக் கத்தியிருப்பேன். அன்றைக்குக் கத்தவில்லை. இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"ஏனுங்க, எங்க வலிக்குது?"

"எனக்கென்ன வலி. கொடியப் பாத்துட்டிருக்கேன்."

"கொடி கெடக்குது. எங்க வலிக்குதுன்னு கேட்டேன்."

கொடியிலிருந்து கண்ணை எடுக்காமலே என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின் நடுவில் வைத்தார்.

அப்போதே ஜீப்பைக் கூப்பிட்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும் அவர் கையை நான் விடவில்லை. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார்.

வார்டில் அவர் கண் விழித்துத் தெளிவாகப் பேசிய முதல் நாளே சண்டைக்குப் போனேன்.

"ஏனுங்க, எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொல்லோணும்னுதான் இருந்தேன். மெஷின நீ பாத்துக்கன்னு சொன்னப்ப உம் மொகம் அப்பிடியே மலர்ந்து போச்சு. நான் அப்பிடிப் பாத்ததே இல்ல. அப்புறம் எப்பிடிப் புள்ள சொல்றது, எனக்கு முடியலீன்னுதான் உனக்குக் குடுத்தேன்னு?"

எனக்கு அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. வார்டில் இரண்டும் முடியாது. இனிமேல் ஒரு தலைவலியை மறைத்தாலும் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மட்டும் மிரட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் தண்ணீர் கேட்டால் முகத்தைப் பார்த்தேன், பேசாமல் இருந்தால் நெஞ்சைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் இன்னும் பயந்தேன். இப்படிச் சில வாரம் போனது. ஒரு மத்தியானம் நான் களத்தில் இருக்கும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாத. முழங்காலு வலிக்குது புள்ள."

"முழங்காலா?"

"ஆமா, இந்தப் பக்கம். சொல்லோணும்னு சொன்னியல்ல?"

எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து காலடியில் உட்கார்ந்து தேய்த்துவிட்டேன். தேய்க்கத் தேய்க்கக் கண்ணீர் நிற்கவில்லை. இந்த வலிக்குப் போய் யாராவது அழுவார்களா என்று கேட்டார். வலிக்காக அழவில்லை என்றேன்.