தண்டனை நாளில் எழுந்து நின்றவர்

அன்று காலை நான் முதலில் செய்தது, எல்லா நாளும் செய்வதுதான். பல் தேய்க்கும் முன்பே கைப்பேசியை எடுத்து, கோர்ட்டுகளின் அன்றைய வழக்குப் பட்டியலில் அட்வகேட் ரோஸ்லெட்டின் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். என் பெயரை அதற்குப் பிறகுதான் தேடுவேன். செஷன்ஸ் கோர்ட்டில் அவருக்கு ஒரு வழக்கு இருந்தது. குற்றவாளி என்று தீர்ப்பாகி, தண்டனை பற்றிக் கேட்பதற்காக வைத்திருந்தார்கள். ‘இன்றைக்கும் அங்கே கூட்டம் இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதிக்கும் முன் பார் அசோசியேஷன் செயலாளர் அழைத்தார். “உமா மேடம், ரோஸ்லெட் சேச்சி போயி. நேரம் வெளுக்கும் முன்னே ஹார்ட் அட்டாக்கு.”

அழைப்பை வைத்த பிறகும் பட்டியல் திரையில் திறந்தே கிடந்தது. அவர் பெயர் அதில் அப்படியே இருந்தது.

எங்கள் பாரில் நினைவு மலருக்கு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவதுதான் வழக்கம். நான் தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். நானும் அவரும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்த நெய்யாற்றின்கரை கோர்ட்டு வளாகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் சண்டை போட்டது தமிழில்தான்.

ரோஸ்லெட் அக்கா பாறசாலைக்காரர். பழைய மிஷன் சபைக் குடும்பம். நான் அதியன்னூர். என் வீட்டில் மூன்று தலைமுறை சர்க்கார் உத்தியோகம். இருவரும் ஒரே சீனியரிடம் ஜூனியராக இருந்தோம். அவர் எனக்கு மூன்று வருஷம் மூத்தவர்.

எங்கள் சீனியருக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்சிக்காரன் குற்றவாளி என்று நீதிபதி சொன்னதும் கவுனை மடித்துக்கொண்டு வெளியே போய்விடுவார். தோற்ற இடத்தில் அவர் நிற்க மாட்டார். தண்டனை விதிக்கும் முன் குற்றவாளிக்குச் சொல்ல என்ன உண்டு என்று நீதிபதி கேட்கவேண்டும் என்பது சட்டம். அந்த நேரத்துக்கு ஜூனியர் ஒருத்தி போதும் என்பது அவர் கணக்கு. அவர் மட்டுமல்ல, பாரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஜூனியர் எழுந்து மூன்று வாக்கியம் சொல்வாள். குடும்பம் உண்டு. வேறு வழக்கு இல்லை. தயவு காட்ட வேண்டும். அப்புறம் உட்கார்ந்துவிடுவாள். நானும் அதைப் பலமுறை சொல்லி உட்கார்ந்தவள்தான்.

ஒரு நாள் அது ரோஸ்லெட் அக்காவின் முறை. ரப்பர் வெட்டும் தொழிலாளி ஒருவர், பெயர் ஏசுதாசன். வாய்த்தகராறில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கையை வெட்டிவிட்டார். மாஜிஸ்திரேட் அந்தக் கேள்வியை மலையாளத்தில், “எந்தெங்கிலும் பறயான் உண்டோ?” என்று கேட்டார். அக்கா எழுந்து, ஏசுதாசனிடம் தமிழில் கேட்கலாமா என்று அனுமதி வாங்கினார்.

“ஏசுதாசா, கோர்ட்டு கேக்குது. சொல்லணும்ணு உள்ளதச் சொல்லு.”

ஏசுதாசன் குனிந்தபடியே சொன்னார். “அவனுக்க கை இப்ப எப்படி உண்டு? மடக்க முடியுதா?”

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். மூன்று வருஷம் என்று நாங்கள் எதிர்பார்த்த வழக்கில் ஒரு வருஷம் என்று முடிந்தது.

வெளியே வந்ததும் சொன்னேன். “நல்லா சொல்லிக் குடுத்திருக்கிய அக்கா.”

“ஏட்டி, நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். வெட்டு வாங்கினவனப் பத்தி உனக்கு என்ன தெரியணும்ணு கேட்டேன். அவன் ராத்திரி முழுக்க யோசிச்சிருக்கான், அவ்வளவுதான்.”

அடுத்த ஞாயிறு சபை முடிந்ததும் வெட்டுப்பட்டவரின் வீட்டுக்குப் போய், அவர் கையைப் பார்த்து, இரண்டு விரல் மடங்கவில்லை என்று ஏசுதாசனிடம் சிறையில் சொல்லிவிட்டும் வந்தார். அந்தக் கையை நானும் அறிவேன், டாக்டரின் காயச் சான்றிதழில் உள்ள அளவுகளாக. அது கொஞ்சம் கொஞ்சமாக ஆறி வரும் ஒரு கை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இந்தக் கேள்வி ஏன் எனக்கு வரவில்லை? என் பொறாமை அன்று ஆரம்பித்தது.

பிறகு நாங்கள் தனித்தனியாகத் தொழில் நடத்தினோம். எனக்குக் குறுக்கு விசாரணை வரும். சாட்சி எங்கே தடுமாறுவான் என்று எனக்குத் தெரியும். நான் வாங்கித் தந்த விடுதலைகள் பல. அவருக்கு அது அவ்வளவாக வராது. அவர் தோற்றார். தோற்ற வழக்கில் தண்டனை நாள் அன்று எழுந்து நின்றார். நாளாக நாளாக, மற்றவர்கள் தோற்ற வழக்குகளையும் அந்த ஒரு நாளுக்காக அவரிடம் கொண்டுவந்தார்கள். ‘சிட்சை வக்கீல்’, அதாவது தண்டனை வக்கீல், என்று பாரில் பட்டப்பெயர் வைத்தோம். வைத்ததில் என் பங்கும் உண்டு. அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். தன் அலுவலகப் பலகையில் அதையே எழுதலாமா என்று கேட்டார்.

இங்கிலாந்தில் தண்டனையை எப்படி அளப்பது என்று நீதிபதிகளுக்குப் படிப்படியான வழிகாட்டு நெறிகள் உண்டு. நாம் அங்கிருந்துதான் சட்டத்தை வாங்கினோம். ஆனால் அந்த அளவுகோல் இங்கே இல்லை. பத்து வருஷம் வரை என்று சட்டம் சொல்லும். ஒரு மாதம் ஏன், பத்து வருஷம் ஏன் என்பது நீதிபதியின் மனதில் இருக்கும். குற்றத்தை நிரூபிக்க நூறு விதிகள் வைத்தவர்கள், அதன் பிறகு ஒரு மனிதனின் வருஷங்களை எண்ணும் வேலையை ஏறக்குறைய ஒரு கேள்வியில் விட்டுவிட்டார்கள். ரோஸ்லெட் அக்கா அந்த ஒரு கேள்விக்குள் குடியிருந்தார். “போறவனப் பத்தி எல்லாரும் சொல்லியாச்சு. திரும்பி வாறவனப் பத்திச் சொல்ல ஆள் வேண்டாமா?” என்பார்.

ஒரு முறை செங்கல் என்ற ஊரின் கோயிலுக்குப் போய்விட்டுப் பெருங்கடவிளை சந்தை வழியாக வந்தேன். வாழைக்குலைக் கடைக்காரர் ஒருவர் என் காரை நிறுத்தினார். “நீங்க ரோஸ்லெட் அம்மாவுக்க கூட்டுக்காரி தானே?” தோழி என்று தெரிந்தவருக்கு என் பெயர் தெரியவில்லை. தண்டனை முடித்து வந்தவராம். ஒரு முழு ஏத்தன் வாழைக்குலையைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டார். “அம்மைட்ட குடுத்துருங்க. நான் தந்ததுண்ணு சொல்லுங்க.” அதே சந்தையில், நான் விடுதலை வாங்கித் தந்த ஒருவர் என்னைக் கண்டதும் வெற்றிலைக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். விடுதலையானவர்களுக்கு வக்கீலைப் பார்க்கப் பிடிக்காது. அந்த வழக்கே நடக்கவில்லை என்று அவர்கள் வாழவேண்டும். சிறைக்குப் போய் வந்தவர்களுக்குத்தான் வக்கீல் தேவைப்படுகிறார். காருக்குள் பழ வாசனை. கோயிலில் எதை வேண்டிக்கொண்டேன் என்பதுகூட எனக்கு மறந்துபோயிற்று.

குலையைக் கொடுத்தபோது அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பழத்தக் காணலியே?”

“நான் தின்னல்ல.”

“தின்னிருக்கலாம் மக்கா. மொகம் இப்படி இருக்காது.”

அன்று எனக்குப் பொறுக்கவில்லை. “நான் ஜெயிச்சா ஆரும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாவ. நீங்க தோத்தா குலை வருது. இது என்ன நியாயம் அக்கா?”

அவர் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “உனக்கு எனக்க இடம் வேணுமா? எடுத்துக்கோ. வியாழக்கெழமை ஒரு சிட்சை உண்டு. நீ நில்லு.”

“தோத்த கேஸில நான் நிக்க மாட்டேன்.”

“தோத்தது நானாக்கும். உனக்கு என்ன?”

அந்த வியாழக்கிழமை அவரே நின்றார். அதற்குப் பிறகு, தண்டனை நாள் வரும்போதெல்லாம் வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகையில், “நிக்கியா?” என்று கேட்பார். நான், “நீங்களே நில்லுங்க” என்பேன். கேட்பதை அவர் விடவில்லை.

அக்கா இறந்த அன்று காலை பட்டியலில் நான் பார்த்த வழக்கு செல்வராஜுடையது. வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்புவதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. தம்பி செல்வராஜ் பிடித்துத் தள்ள, அண்ணன் தலை மோட்டார் திண்டில் மோதி இறந்துவிட்டார். கொல்லும் எண்ணம் இல்லை என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஆனாலும் குற்றம் குற்றம்தான். பத்து வருஷம் வரை கொடுக்கலாம். அன்று கோர்ட்டு கூடியதும் எல்லாரும் எழுந்து நின்று ரோஸ்லெட் அக்காவுக்கு மௌனம் காத்தோம். பிறகு நீதிபதி, வேறு வக்கீல் வைத்துக்கொள்ளச் செல்வராஜுக்கு ஒரு வாரம் கொடுத்தார். “ஆராவது ஒரு ஜூனியர் மூணு வார்த்தை சொன்னா போராதா” என்று எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

அடக்கம் பாறசாலையில். சபைக் கோயிலுக்குள் நீதிபதிகளும் வக்கீல்களும் உட்கார்ந்திருந்தோம். வெளியே மதில் ஓரமாக நின்றவர்கள் உள்ளே வரவில்லை. அவர்களில் பலரை எனக்குத் தெரியும், குற்றவாளிக் கூண்டில் நின்ற முகங்களாக. பாதிரியார் வாசித்துக்கொண்டிருக்கும்போது, என் சாவுக்கு யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அவர் பெட்டிக்குள் கிடக்கும்போதும் என்னால் அதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஏசுதாசன் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். தலை நரைத்துவிட்டது. பெட்டியை இறக்கியதும், ஒதுங்கி நின்ற ஒருவரைத் திரும்பிப் பார்த்து, “எலே, வா. நீயும் போடு” என்றார். அவர் வந்து குனிந்து இடது கையால் மண் எடுத்துப் போட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கையை நான் முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன்.

கூட்டம் கலையும்போது செல்வராஜின் மனைவி வசந்தா என்னிடம் வந்தார். “நீங்க அம்மாவுக்க கூட்டுக்காரி தானே?” இந்த முறையும் அதே கேள்வி. “சனிக்கெழமை அம்மா ஜெயிலுக்குப் போயிருந்தாவ. செத்துப்போன அண்ணனப் பத்தி உனக்கு என்ன தெரியணும்ணு இவருட்ட கேட்டாவளாம். இவரு ஒண்ணும் சொல்லல்ல. திங்கக்கெழமை கோர்ட்டுல வச்சுச் சொல்லுதேன்ணு சொன்னாராம். வேற ஆருட்டயும் வாயத் தெறக்க மாட்டாரு. எனக்கிட்டயும் இல்ல. இனி ஆருட்டச் சொல்லுவாரு?”

“பாப்போம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

அக்கா, நீங்கள் படுத்த இடத்தில் இன்று மழை பெய்திருக்கும். உங்களைப் பற்றி இந்த மலரில் எல்லாரும் நல்லது எழுதுவார்கள். நானும் எழுதிவிட்டேன். உங்கள் மேல் எனக்கிருந்த பொறாமை உங்களோடு போகவில்லை. நிம்மதியாக உறங்குங்கள். இனி வராந்தாவில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கப் போவதில்லை.

மலர் அச்சாகி வரும்போது செல்வராஜின் வழக்கு முடிந்திருக்கும். எத்தனை வருஷம் என்று வாசிக்கும் உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும். இதை எழுதும் இந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. யாரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை, வசந்தாவிடம்கூட. நாளைக் காலை வழக்குப் பட்டியலைத் திறக்கப் போவதில்லை. வக்காலத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சப் ஜெயிலுக்குப் போகிறேன். ரோஸ்லெட் அக்காவிடம் சொல்ல வைத்திருந்த பதிலை என்னிடம் சொல்லும்படி செல்வராஜைக் கேட்கப் போகிறேன். அவர் சொல்லாவிட்டாலும், அந்த நாளில் நான் நிற்பேன்.

அக்காவைவிட நன்றாக.