படுதாவுக்கு இந்தப் பக்கம்

சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. மருமகள் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். குழம்பு கொதித்து வழிந்தாலும் விளம்பரம் வரும்வரை வழிய வேண்டியதுதான். தொடரில் ஒரு நல்ல மருமகள் இருக்கிறாள், அவளைப் படுத்தி எடுக்க ஒரு மாமியார் இருக்கிறாள். என் மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுவாள். நடுநடுவே என் பக்கம் ஒரு பார்வை வேறு. நானும் அழுவேன், அது என் பலவீனம். "ரெண்டு பேரும் அழுது முடிச்சாச்சா, சோறு போடலாமா?" என்று பேரன் கேட்பான்.

பெண்கள் கதை பார்த்து அழுவதை யாராவது கேலி செய்தால் ஒரு காலத்தில் எனக்குக் கோபம் வரும். இப்போது கோபம் அந்த அழுகையின் மேலேயே வருகிறது. அதை நம்பி வாழ்க்கையைத் தொலைத்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் என் அக்கா.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பின்னால், தோணிக்காரர்கள் குடியிருந்த தெருவில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றுவதை மேற்பார்த்து வந்தார். வெயிலில் நின்று நின்று அவருக்குக் கண் எப்போதும் சிவந்திருக்கும். கோபம் எப்போது வரும், எப்போது போகும் என்று அந்தக் கண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அம்மாவின் இடது கையில் ஒரு விரல் மடங்காது. சொல்லாமல் கொள்ளாமல் பிறந்த வீட்டுக்குப் போய்வந்த ஒரு நாளில் அப்பா செய்த வேலை அது.

அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, துணிக்கு வரிசை என்று நின்ற காலத்தில் எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் சினிமாக் கொட்டகை. ஆனால் மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரசங்கம் நடக்கும்: கொட்டகைக்குப் போவது ஆத்துமத்துக்குக் கேடு. ஆண்கள் சனிக்கிழமை படம் பார்த்துவிட்டு, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண்கள் போவதே இல்லை. அதாவது, போவதே இல்லை என்று எல்லார் வீட்டு ஆண்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் பக்கத்துக்கு வழி தனி. பின் சந்தில் ஒரு சின்னக் கதவு. உள்ளே போனால் மண் தரை, பாதிக்குப் பெஞ்சு. நடுவில் ஒரு கனத்த படுதா. விளக்கு அணைந்ததும் அதைச் சுருட்டி ஒதுக்குவார்கள். ரீல் மாற்ற விளக்கைப் போட்டதும் இழுத்து மூடுவார்கள். அந்தப் பக்கத்து ஆண்களுக்கு எங்கள் முகம் தெரியாது. எங்களுக்கும் ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது என்பதுதான் சட்டம். யாரும் எழுதி ஒட்டிவைத்த சட்டமில்லை. விளக்கு வந்ததும் எல்லாரும் முக்காட்டை இழுத்து மூக்குவரை விட்டுக்கொள்வோம். பக்கத்தில் இருப்பது சொந்தச் சித்தியாக இருந்தாலும் சித்தி என்று கூப்பிடக் கூடாது. "இந்தாளா, கொஞ்சம் தள்ளி இரி" என்று வேண்டுமானால் சொல்லலாம். வெளியே வந்த பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்படித்தான் அந்தப் பக்கம் வாரம் தவறாமல் நிரம்பி வழிந்தது.

அக்காவுக்குச் சினிமா என்றால் பைத்தியம். பெட்டி மூடியின் உள்பக்கம் மாதா படம் ஒட்டியிருப்பாள். அதற்குப் பின்னால் ஒரு நடிகையின் படம். அந்த நடிகை கொண்டை போட்ட மாதிரியே இவளும் போடுவாள். பாட்டுப் புத்தகத்தைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து உமி மூட்டைக்குள் செருகிவைத்து, மீன் கழுவும்போது பாடுவாள். அப்பா வந்தால் அதே மெட்டில் மாதா பாட்டுக்கு மாறிவிடுவாள். அந்தச் சாமர்த்தியம் எனக்கு வரவே இல்லை.

அவளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், குடிப்பதில்லை, சத்தம் போட்டுப் பேசுவதில்லை. அவர் அம்மாதான் மாதா சபைத் தலைவி. கழுத்தில் நீல நாடாவும் பதக்கமுமாக, கோவிலில் முதல் வரிசையில் முழங்காலில் நிற்பார். அந்த மாமி தெருவில் வந்தாலே அக்கா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். "மாப்பிள்ளையப் பத்திப் பயமில்லளா. மாமியப் பாத்தாத்தான் பயமா இருக்கு. சிரிச்சே நான் பாத்ததில்ல" என்பாள்.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்துவிட்டால் பெண் கோவிலைத் தவிர வேறெங்கும் படி இறங்கக் கூடாது. வாசித்த ஓலை பாதியில் நின்றுபோனால் அந்தப் பெண்ணை ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள். என்ன குறையோ, எது தெரிந்து நிறுத்தினார்களோ என்று பேச்சு எழும். அதைவிடப் பெண் விதவையாவது மேல்.

அக்காவுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். அடுத்த சனிக்கிழமை அம்மா, பக்கத்து ஊரான மாப்பிள்ளையூரணியில் ஒரு சொந்தக்காரிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். அப்பா துறைமுகத்தில். அக்கா என் கையைப் பிடித்தாள். "கல்யாணம் ஆயிட்டா இனிமே எங்க போக? அந்த மாமி விடுவாவளா? கடைசியா ஒரு படம்ளா." இரண்டு பேரும் முக்காடு போட்டுக்கொண்டு பின் சந்துக்குப் போனோம்.

படத்தில் ஒரு மருமகள். மாமியார்க்காரி அவள்மேல் இல்லாத பழியைச் சுமத்திக் கர்ப்பிணியாக வீட்டைவிட்டு விரட்டுகிறாள். மழை கொட்டுகிறது. இந்தப் பக்கம் முழுவதும் விசும்பல். அந்த விசும்பலுக்கு நடுவில் எங்களுக்குப் பின்னால் ஒரு குரல் திரையைப் பார்த்து ஏசத் தொடங்கியது.

"நாசமாப் போறவளே! நீ ஒரு பொம்பளையா? ஒனக்கு ஒரு மக இருந்தா இப்பிடிச் செய்வியா? அந்தப் பிள்ளை கண்ணீரு ஒன்னைச் சும்மா விடுமாட்டி?"

எனக்கே அந்தக் குரல் பிடிபட்டது. முதல் வரிசையில் ஜெபமாலை சொல்லிக் கொடுக்கும் குரல்.

விளக்கு எரிந்தது. படுதா மூடியது. அக்கா திரும்பிப் பார்த்தாள். மாமி முக்காட்டை இழுக்க மறந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் வீங்கி, மூக்கு சிவந்து, பச்சைக் குழந்தைபோல இருந்தார். அக்காவின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு மருமகளுக்காக இப்படி அழுகிறவர் தன்னை எப்படி வைத்துக்கொள்வார் என்று அவள் அந்த நிமிஷத்தில் முழுவதுமாக நம்பிவிட்டாள். சட்டம், முக்காடு, எல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

"மாமி! நீங்களும் வந்திருக்கியளா!"

சத்தமாகவே கேட்டாள். சுற்றிலும் இருந்த முக்காடுகள் எல்லாம் சட்டென்று குனிந்தன. மாமி அக்காவைப் பார்த்தார். முந்தானையை மெல்லத் தலைமேல் இழுத்துக்கொண்டார். அவர் முகம் மூடும்முன் அதில் இருந்தது கோபம்கூட இல்லை, பயம். விளக்கு மறுபடி அணைந்து எரிந்தபோது அவர் இருந்த இடம் காலியாக இருந்தது. படத்தின் கடைசியில் ஒரு பால்காரி வந்து சாட்சி சொல்லி மருமகளைக் காப்பாற்றினாள். கொட்டகையே கைதட்டியது, அக்காவும் தட்டினாள்.

மறுநாள் பூசையில் சாமியார் ஓலை வாசித்தார். வேறு இரண்டு ஜோடியின் பெயரை வாசித்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டார். அக்கா பெயர் வரவில்லை. பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் எங்களைத் திரும்பிப் பார்த்தன. மாமி மட்டும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது வாசலில் இருந்தே கத்தினார். "முத ஓலை வாசிச்ச பொறவு நீ கொட்டகைக்குப் போனதா பாத்தவுங்க சொல்லுதாவளாம். யாரு பாத்தான்னு கேட்டா பேரு சொல்ல மாட்டங்காவ. எம் மக போயிருக்க மாட்டான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். போனியாளா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "போனேன்ப்பா" என்றாள். அப்பா இடுப்பு வாரைக் கழற்றினார். அதை நான் எழுத மாட்டேன்.

அவர் வெளியே போனதும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்தாள். அம்மா மீனின் செதிலை உரசிக்கொண்டிருந்தாள். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, மாமியும் அங்கனதான் இருந்தாவ. நான் பேசிட்டேன்னுதான் இப்பிடிப் பண்ணுதாவ. நான் சொன்னா அப்பா நம்ப மாட்டாவ. நீ சொல்லும்மா. அப்பா போய்க் கேட்டா மாமி அடங்கிருவாவ. கல்யாணம் நடந்துரும்."

அம்மா நிமிரவில்லை. "தெரியும்ளா" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

அம்மா மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் உரசினாள். "கடேசிப் பெஞ்சுல நானும் இருந்தேன். நீ கூப்பிட்டதையும் கேட்டேன். ஒங்க அப்பாட்ட சொன்னா, நீ எப்பிடிப் பாத்தன்னு கேப்பாவ. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

அக்கா அம்மாவின் கையைப் பார்த்தாள். மடங்காத அந்த விரலைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் முழுவதும் தெருப் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்று கொட்டகையில் இருந்தவர்கள். எங்கள் கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, "என்ன செய்ய, தலையெழுத்து" என்றார்கள். "பொம்பளப் பிள்ளைக்குக் கொட்டகை எதுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். எங்களுக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்றவள் அவள். எனக்கு அவள் தலைமயிரைப் பிடித்து இழுக்க வேண்டும்போல வந்தது. மாமி அங்கே இருந்தார் என்று அவர்களில் ஒருத்தி வாய் திறந்திருந்தால் போதும். திறந்தால், நீ அங்கே என்ன செய்தாய் என்று அவள் வீட்டில் கேட்பார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கக் கூடாதவர்கள். அடுத்த சனிக்கிழமையும் அவர்கள் போனார்கள், அழுதார்கள், வந்தார்கள்.

வாத்தியார் மாப்பிள்ளைக்கு அந்த வருஷமே வேறு பெண் பார்த்தார்கள். அக்காவுக்குக் கிடைத்தவர் கொழும்பில் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்துபோனவர், அப்பாவைவிட வயதில் சற்று இளையவர். அங்கே யாரும் ஓலையைப் பற்றி விசாரிக்க மாட்டார்கள் என்றுதான் கொடுத்தார்கள். விடிகாலைப் பூசையில், பாட்டு இல்லாமல், ஓரத்துப் பீடத்தில் கல்யாணம் முடிந்தது. அவர் முகத்தை அக்கா நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பல். ஸ்டேஷனுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். அப்பா சாமான்களை ஏற்றப் போயிருந்தார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எந்தப் படத்துக்கும் அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அக்கா கம்பிக்கு வெளியே கையை நீட்டி அம்மாவின் முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு அப்பா வருகிறாரா என்று ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பயப்படாதம்மா. நான் அப்பாட்ட சொல்லல."